மகனைக் காணுமட்டும்

என் அம்மா வாய் ஓயாதவர். கரவெட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் யார் வந்தாலும் போனாலும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டார். மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் மீன் பழுதாகும்வரை கதைப்பார். அப்பா உயிரோடிருந்த காலத்தில், "உனக்கு வாய் நோகாதோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரோடு கிணற்றடிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனுசி சந்நிதி முருகனுக்கு முன்னால் நின்று, முப்பது பேரளவில் கேட்க, "என்ரை பிள்ளையைக் காணுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன்" என்று சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

அது எண்பதுகளின் கடைசி. அப்போது எந்த ஆமி நின்றது என்று நான் எழுதப்போவதில்லை. ஒன்று போக மற்றது வந்த ஊர் எங்களுடையது. சீருடையின் நிறத்தைத் தவிர எங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆட்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போக விளங்கும். அம்மா இப்போது இல்லை என்பதால்தான் இவ்வளவையாவது எழுதுகிறேன்.

அந்த வருடம் மாசியில், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதற்காக நெல்லியடிக்குப் போன என் தம்பி ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டான். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. ஒட்டுப் போட்ட கடைக்காரரே அதை உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்திவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு அம்மா ஏறாத முகாம் வாசல் இல்லை. எல்லா வாசலிலும் "இங்கே இல்லை" என்ற ஒரே பதில்தான். அம்மா விடமாட்டார். தம்பிக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட கதையிலிருந்து தொடங்கிக் காவலில் நிற்பவனுக்குச் சொல்லுவார். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் விளங்காது. "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோ" என்று நான் சீலையைப் பிடித்து இழுப்பேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னால் உலகம் கேட்கும் என்று நினைத்த வயது.

சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போவது எங்கள் வடமராட்சிப் பகுதிக்குப் புதிதல்ல. வைகாசியில் புறப்பட்டு, கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு, காடும் மணலும் தாண்டி, ஆடிக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவார்கள். சண்டை தொடங்கிய பிறகு அது நின்றுபோயிற்று. அந்த வைகாசியில், முன்பு பல தடவை நடந்துபோன ஒரு வயதான சாமி மறுபடியும் முருகன் வேலைத் தோளில் சாத்திக்கொண்டு புறப்படப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மா துணி மடிக்கத் தொடங்கிவிட்டார். "ஆமி விடுமோ?" என்று கேட்டேன். "முருகனை விடாமல் ஆர் மறிக்கிறது?" என்றார். முருகனை யாரும் மறிக்கப்போவதில்லை, எங்களைத்தான் மறிப்பார்கள் என்று நான் சொன்னேன். அம்மா காதில் விழாதமாதிரி தம்பியின் வெள்ளைச் சேட்டை எடுத்து மினுக்கி மடித்து வைத்தார். கண்டவுடன் அவன் உடுத்துவதற்காம்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு அம்மாவின் மௌன விரதம் பற்றி முதல் நாளே தெரியும். அம்மாவே வேலிக்கு மேலால் ஒரு மணித்தியாலம் அதைப்பற்றிக் கதைத்திருந்தார். "உன்ரை அம்மா பருத்தித்துறை தாண்டமாட்டா, இருந்து பார்" என்று அக்கா எனக்குக் கண்ணடித்தா. நானும் ஓமென்றேன்.

விடிய வெள்ளாப்போடு தொண்டைமானாற்றில் முழுகிவிட்டு ஈரத்தோடு கோயில் முன்னால் நின்றோம். வேல் தூக்கும் சாமி ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசி, வலக்கையில் மஞ்சள் நூல் கட்டி, அவரவர் நேர்த்தியை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எல்லோரும் கேட்கும்படி சொன்ன நேர்த்தியை மாற்ற முடியாது. கூட நடப்பவர்கள்தான் அதற்குச் சாட்சி. ஒருவர் சுகம் கேட்டார், ஒருவர் பிள்ளை கேட்டார். அம்மாவின் முறை வந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் சாமி நூலைக் கட்டாமல் நிறுத்தினார்.

"பிள்ளை, கதிர்காமம் போய்ச் சேருமட்டும் எண்டு சொல்லு. மகனைக் காணுமட்டும் எண்டு சொல்லாதை. அது உன்ரை கையிலையும் இல்லை, என்ரை கையிலையும் இல்லை."

அம்மா ஏற்கனவே வாயை மூடிவிட்டார். இல்லை என்று தலையை அசைத்தார், கையை நீட்டினார். சாமி பெருமூச்சு விட்டுவிட்டு நூலைக் கட்டினார்.

நடைக்கு வந்தால் எல்லோரும் சாமிதான். பெயர், முறை ஒன்றும் கிடையாது. புருசன் பெண்சாதியைச் சாமி என்பான், தாய் பிள்ளையைச் சாமி என்பாள். எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. என்னை அடித்து வளர்த்த மனுசியைத் திடீரென்று எப்படிச் சாமி என்பது? அம்மா என்றே கூப்பிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

எங்கள் கூட்டத்தில் இளம் ஆண்கள் இல்லை. எந்தத் தாய் விடுவாள்? இருந்த ஆண்களில் வயது குறைந்தவர் ஒரு தச்சுத் தொழிலாளி, முப்பத்தைந்து இருக்கும். மனைவி சாகக் கிடந்து பிழைத்ததற்கு அவருடைய நேர்த்தி. அந்த மனைவியே வல்வெட்டித்துறைவரை கூட நடந்து வந்தார். மெலிந்த பெண், இன்னும் முழுதாகத் தேறவில்லை. சந்தியில் நின்று, வெந்நீர்ப் போத்தலைப் புருசனிடம் கொடுத்துவிட்டு, "மெல்லமாப் போங்கோ, காலைப் பாருங்கோ" என்றார். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் காட்டினார். நடைக்குப் போகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாதாம். அந்தப் பெண் எங்கள் கூட்டம் வளைவில் மறையும்வரை நின்றிருப்பார். எனக்குத் தெரியாது, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொலிகண்டிக்குக் கிட்ட வந்தபோது அம்மாவின் துணிப்பை அவரை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டது. பிட்டு, மாம்பழம், போர்வை, சேட்டு என்று அடைத்திருந்தார். நான் வாங்கப்போனேன், எனக்கே என் பை போதும் என்று இருந்தது. தச்சுக்காரர் பின்னாலிருந்து வந்து, "தாங்கோ சாமி, எனக்கு இது ஒரு பாரமே?" என்று வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா இரண்டு கையையும் கூப்பினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்தார்.

வீட்டு வாசல்களில் சனம் குடத்தோடு நின்று எங்கள் கால்களைக் கழுவிவிட்டது. மோர் தந்தார்கள். ஒரு வாசலில் அம்மாவோடு ஒன்றாகப் படித்த பெண் ஒருவர் ஓடிவந்து, "எடியே, நீயா? பிள்ளையைப் பற்றி ஏதும் தெரியுமோ?" என்று கையைப் பிடித்துவிட்டார். அம்மாவுக்குக் கண்ணால் நீர் ஓடியது, வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டு போகும்போதுதான் கவனித்தேன், நானும் தம்பிக்கு அம்மை போட்ட கதையிலிருந்துதான் தொடங்கியிருந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார், சுருக்கிச் சொல் என்று. இரண்டு பேரும் அழுதபடி சிரித்துவிட்டோம்.

பருத்தித்துறையில் தார் கொதித்தது. என் குதிக்காலில் கொப்புளம் போட்டு உடைந்துவிட்டது. பட்டை பட்டையாக நிழல் விழுந்த இடங்களைத் தேடித் தேடிக் கால் வைத்தேன். அம்மா எனக்கு முன்னால் கொஞ்சமும் தளராமல் போய்க்கொண்டிருந்தார். அக்கா சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டார். கதைக்காத அம்மாவின் முகத்தை அன்றுதான் நான் வடிவாகப் பார்த்தேன். அவருக்கு வயது போய்விட்டிருந்தது. இது எப்போது நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், வல்லிபுரக் கோயில் பக்கம் திரும்பும் தெருவில், ஆமி மறித்தது.

தெருவோரத்துப் பூவரசின் கீழ் ஒரு ஜீப் நின்றது. அதன் பின்பக்கத்தில் கால்களைத் தொங்கப்போட்டபடி ஒருவன் இருந்தான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதைக் கண்டாலே என்னவென்று தெரியும். தலையாட்டி என்று சொல்லுவோம். பிடிபட்ட யாரையாவது அடித்து, உடைத்து, சாக்கைப் போட்டு மூடி இப்படிக் கொண்டுவந்து இருத்துவார்கள். சனத்தை ஒவ்வொருவராக முன்னால் நடத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் முடிந்தார். விசாரணை அவ்வளவுதான். ஊர் ஆமியைவிடத் தலையாட்டியைத்தான் அதிகம் வெறுத்தது. யாரென்று தெரியவந்தால் இயக்கத்துப் பொடியள் அவனை விடமாட்டார்கள். விடியக் காலையில் மின்கம்பத்தில் பிணமாகத்தான் காணலாம். அவன் வீட்டுப் படலையைப் பிறகு ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

எங்களை வரிசையில் விட்டார்கள். வேல் தூக்கிய சாமி முதல் போனார். சாக்கு அசையவில்லை. பிறகு சிலர். பிறகு நான், எனக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் பையோடு தச்சுக்காரர்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். கண்ணைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் தலையாட்டிவிடுவான் என்று ஒரு பயம். அதனால் அவனுடைய கால்கள்தான் என் கண்ணில் பட்டன. செருப்பில்லை. வலது காலால் இடது கெண்டையை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கும்போது, எங்கள் அப்பா பிரம்பை எடுக்கும்போது, பயம் வந்தால் இப்படித்தான் தேய்ப்பான். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் மயிரே இல்லாமல் போயிருந்தது.

நான் கடந்துவிட்டேன். கால்கள் தாமாக நடந்தன. மூளை அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. திரும்பினேன்.

அம்மா அவனுக்கு முன்னால் நின்றுவிட்டார். கால்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். "போ, போ" என்றான் ஒரு ஆமிக்காரன். அம்மா போகவில்லை. அவருடைய வாய் திறந்ததை நான் கண்டேன். கடவுளே, கூப்பிட்டுவிடாதேயுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன். கூப்பிட்டால் முப்பது பேருக்குத் தெரியும். இரவுக்குள் வடமராட்சிக்கே தெரியும். பிறகு ஆமி விட்டாலும் பொடியள் விடமாட்டார்கள். நான் ஓடிப்போய் அவரை இழுக்கவேண்டும், இழுத்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் செய்ய ஏலாமல் தெருவில் மரம்போல நின்றேன். திறந்த வாய் திறந்தபடியே நின்று, மெல்ல மூடியது. ஆமிக்காரன் துவக்கின் பின்பக்கத்தால் அம்மாவைத் தள்ளினான். அம்மா நகர்ந்தார்.

அம்மா நகர்ந்ததும் சாக்கு முன்னால் சரிந்தது. தலையைக் குனிந்தான். அவ்வளவுதான், குனிந்தான். இன்றைக்கும் நான் அதைச் சத்தியம் செய்து சொல்லுவேன். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு முன்னால் வந்து நின்றவர் தச்சுக்காரர். இரண்டு ஆமிக்காரர் அவருடைய தோளைப் பிடித்தார்கள்.

"ஐயா, நான் தச்சுவேலை செய்யிற ஆள், கோயிலுக்குப் போறன்" என்றார். யார் கேட்டார்கள்? சாக்கு இப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது, இல்லை, இல்லை என்று. அதை ஒருவனும் பார்க்கவில்லை. தலையாட்டிக்கு ஒருமுறை ஆட்டுவதோடு வேலை முடிந்தது. தச்சுக்காரர் தோளிலிருந்த பையைக் கழற்றினார். "இது அந்த அம்மான்ரை. குடுத்திட்டு வாறன், ஐயா." அதற்குமட்டும் விட்டார்கள். இரண்டடி வந்து பையை அம்மாவின் கையில் கொடுத்தார். "பாரமாக் கிடக்கு, பாத்துத் தூக்குங்கோ சாமி" என்றார். பிறகு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மிச்சப் பேரை நடத்தி முடித்த பிறகு, இதற்கு மேல் போகக்கூடாது, விடிந்ததும் வீடுகளுக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவு வந்தது. கதிர்காம நடை முதல் நாளிலேயே முடிந்துபோயிற்று. வல்லிபுரக் கோயில் மடத்தில் எல்லோரும் சுவரில் சாய்ந்து கிடந்தோம். வேல் தூக்கிய சாமி வேலை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல அழுதார். தச்சுக்காரரின் மனைவிக்கு யார் போய்ச் சொல்வது என்று ஆண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். "அந்தச் சாக்குக்குள்ளை இருந்த நாய் எந்த ஊர் நாயோ" என்று ஒருவர் காறித் துப்பினார். அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

பொழுது படுகிற நேரம் கால் கழுவும் சாட்டில் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் யாரும் இல்லை. "கண்டனீங்கள்தானே அம்மா?" என்றேன். "உயிரோடை இருக்கிறான். உங்கடை நேர்த்தி முடிஞ்சுது. இனி என்னோடையெண்டாலும் கதையுங்கோ." எனக்கு அம்மாவின் குரல் வேண்டியிருந்தது. திட்டினாலும் போதும் என்றிருந்தது. அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். உள்ளங்கையின் திருநீறு என் பல்லில் பட்டது. மடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் சந்நிதியில் நேர்த்தியைச் சொன்னபோது இந்த முப்பது பேரும் கேட்டவர்கள். மகனைக் காணுமட்டும் என்று சொன்ன மனுசி இன்றைக்கு ஒரு சொல் கதைத்தால், எங்கே கண்டாய் என்று கேட்பார்கள். அன்று வழியில் முகம் தெரியாமல் இருந்தவன் ஒருவன்தான்.

வீடு திரும்பினோம். அடுத்த வீட்டு அக்கா வேலியில் வந்து நின்றபோது கேலி இல்லை. "முதல் நாளோடை திரும்பிவந்தும் விரதத்தை விடாமல் இருக்கிறாவே, என்ன மனுசி" என்று ஊரெல்லாம் சொன்னா. சனம் அம்மாவைப் பார்க்க வரத் தொடங்கியது. பிள்ளையைத் தொலைத்த தாய்மார் வந்து காலைத் தொட்டார்கள். அம்மா காலை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் இருந்த ஒரு பின்னேரத்தில், அம்மா என் காதோடு வாயை வைத்தார். "மெலிஞ்சுபோனான்" என்றார். அவ்வளவுதான். குரல் கரகரத்து வேறு யாருடையதோ போல இருந்தது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் அந்தக் கதவு சாத்தப்படும். இரண்டு சொல், மூன்று சொல். "காலிலை புண் இருந்தது, கண்டனியோ?" "அந்தப் பொடிச்சியின்ரை மனுசனை விட்டிட்டாங்களோ?" நான் நாள் முழுவதும் அந்த இரண்டு மூன்று சொல்லுக்காகக் காத்திருப்பேன். மீன்காரரோடு மணிக்கணக்காகக் கதைத்த அம்மாவிடமிருந்து அவ்வளவுதான் கிடைத்தது, அது எனக்குப் போதுமாகவும் இருந்தது.

அவர்கள் தச்சுக்காரரை விடவில்லை. தம்பியையும் விடவில்லை. இரண்டு பேரைப் பற்றியும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

ஆடி முடிகிற நேரம் தச்சுக்காரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். நான் போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். அம்மா கதிரையிலிருந்து இறங்கித் தானும் நிலத்தில் இருந்தார்.

"உங்கடை மகன் வரவேணும் எண்டு நான் வெள்ளிக்கு வெள்ளி விளக்கேத்திறன் அம்மா" என்றார் அந்தப் பெண். "என்ரை மனுசன் கடைசியாத் தூக்கினது உங்கடை பையை. அதாலை நீங்களும் நானும் சொந்தம்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்டு செய்யவேணும். விரதம் இருந்த வாய் திறந்து சொல்லுறது பலிக்குமாம், சனம் சொல்லுது. உங்கடை மகன் வந்து நீங்கள் வாய் திறக்கிற அண்டைக்கு, அந்தத் தலையாட்டியை மண் அள்ளித் திட்டவேணும். அவன் அழிஞ்சு போகவேணும். அவனைப் பெத்தவளும் என்னைப்போலை கிடந்து துடிக்கவேணும். எனக்காகத் திட்டுவியளோ, அம்மா?"

அம்மா பிடித்த கையை விடவில்லை. அந்தப் பெண் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொன்னதை மனசிலை வைக்காதையுங்கோ. நீங்கள் என்னோடை எப்பவோ கதைக்கத் தொடங்கிட்டியள். விரதம் முறிஞ்சுபோச்சு, அந்தத் திட்டு தம்பியிலை பலிக்காது" என்றேன். அம்மா பேசவில்லை. அடுத்த நாளும் கதவைச் சாத்தினேன், அதற்கு அடுத்த நாளும். அம்மா அதற்குப் பிறகு பல வருடங்கள் உயிரோடு இருந்தார். என்னோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.